ரெவுஸில் கௌடி கட்டிய கட்டடம் ஒன்றுகூட இல்லை

ஸ்பெயினின் கத்தலோனியாவில் உள்ள ரெவுஸ் பற்றி, பார்சிலோனாவின் சக்ராதா ஃபமிலியா தேவாலயத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் கௌடியோடு சேர்த்து, "ரெவுஸ் ஊர் முழுக்க கௌடி கட்டிய கட்டடங்கள், ஊர் வளர்ந்ததே அவரால்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி தவறு, இரண்டாவது பாதி தலைகீழ்.

கௌடிக்கு 1852இல் ஞானஸ்நானம் நடந்தது ரெவுஸில்தான், சந்தேகமில்லை. (பிறந்தது பக்கத்து ரியூதோம்ஸில் என்று ஒரு கட்சி இன்னும் மல்லுக்கு நிற்கிறது. அது தனிக் கதை.) ஆனால் அங்கே அவர் கட்டியது எதுவும் இல்லை. மிசெரிகோர்தியா கோயில் முகப்புக்கு ஒரு திட்டம் போட்டார், அதுவும் கட்டப்படாமலே போனது. 2007இல் திறந்த கௌடி மையம் ஒரு காட்சியகம், அவ்வளவுதான்.

ரெவுஸ் படங்களில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் கௌடி காலத்து இன்னொரு கட்டடக் கலைஞரான தொமேனெக் இ மொந்தானெரின் வேலை. சந்தைச் சதுக்கத்து காஸா நவாஸ் ஒரு துணி வியாபாரியின் வீடு: கீழே கடை, மேலே குடியிருப்பு. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குண்டு விழுந்து அதன் கோபுரம் போனது. பெரே மாதா மனநல மருத்துவமனையும் தொமேனெக்கின் வேலையே. அங்கே பணக்கார நோயாளிகளுக்கென்று தனிக் கட்டடம், உள்ளே மொசைக்கும் வண்ணக் கண்ணாடியும். தனித்தனிக் கட்டடங்களாகப் பிரிக்கும் அந்த முறையைத்தான் பிறகு பார்சிலோனாவின் சான்த் பாவ் மருத்துவமனையிலும் கையாண்டார்.

சரி, இதற்கெல்லாம் பணம்? 18ஆம் நூற்றாண்டுச் சாராய வியாபாரம் போட்ட அடித்தளம் அது. திராட்சை மதுவைக் காய்ச்சி, சலோ துறைமுகம் வழியாக ஏற்றுமதி செய்தார்கள். சாராய விலை நிர்ணயத்தில் "ரெவுஸ், பாரிஸ், லண்டன்" என்று சேர்த்துச் சொல்லும் அளவுக்குப் பேர். அப்புறம் வெர்மூத் (மூலிகை சேர்த்த மது), ஹேசல்நட் கொட்டை வியாபாரம். கௌடியின் அப்பாவே செம்பு அடிக்கும் கன்னார். சாராயம் காய்ச்சும் கொப்பரைகளுக்குத் தேவை இருந்த ஊர் அது. அதாவது கௌடியால் ஊர் வளரவில்லை, ஊரின் வியாபாரத்தில்தான் கௌடியின் குடும்பம் பிழைத்தது.