இமயமலையில் எந்த இடம் என்று கேட்டது ஒரு குற்றமா?

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. லேசாகச் சளி பிடித்திருந்தது, அவ்வளவுதான். அது எப்படித்தான் பெரியம்மா மகன் காதுக்குப் போனதோ, மறுநாள் காலையிலேயே ஒரு பழச்சாறு பாட்டிலோடு வந்து நின்றார். கையில் லேமினேட் செய்த ஓர் அட்டை. அதில் பனி மூடிய மலை, முதுகில் கூடை சுமக்கும் ஒரு பாட்டி, பக்கத்தில் சிவப்புச் சிவப்பாகப் பழம்.

"தம்பி, இது இமயமலையில விளையிற கோஜி. காலையில 30 மில்லி, ராத்திரி 30 மில்லி. அப்புறம் பாரு."

"சரிண்ணே, இமயமலையில எந்த இடம்?"

சத்தியமாக வம்புக்குக் கேட்கவில்லை. அந்த மலைத்தொடர் சுமார் 2,400 கிலோமீட்டர் நீளம், நாலைந்து நாடுகளில் கிடக்கிறது. ஆனால் அண்ணன் முகம் மாறிவிட்டது. "இமயமலைன்னா இமயமலைதான். அதுல என்னடா எந்த இடம்?"

ஆள் மேல் ஆள் சேர்த்து நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில் இந்தப் பானம் விற்கிறவர்களிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். எத்தனை பேருக்குச் சர்க்கரை குறைந்தது, யாருக்கு மூட்டுவலி போனது, யார் கார் வாங்கினார்கள், எல்லாவற்றுக்கும் பதில் நாக்கு நுனியில் இருக்கும். இந்தப் பழம் எங்கே விளைந்தது, யார் பறித்தார்கள், பாட்டிலுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் கேட்டால் நாம் நெகட்டிவ் ஆளாகிவிடுகிறோம்.

உலகச் சந்தைக்கு வரும் கோஜியில் பெரும்பகுதி சீனாவில் விளைவது. அதற்குப் பேர்போன இடம் நிங்சியா. அங்கே மஞ்சள் ஆற்றுத் தண்ணீரைப் பாய்ச்சி வயலில் பயிர் செய்கிறார்கள். அதில் கேவலம் ஒன்றும் இல்லை, நல்ல பழம்தான். வயலில் விளைந்ததை வயலில் விளைந்தது என்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நினைக்கிறீர்களா? விலை குறைந்துவிடும். அந்த மலைக்கும் பாட்டிக்கும் சேர்த்துத்தானே காசு வாங்குகிறார்கள்.

இப்படி விற்கும் இன்னொரு பழம் நோனி, அதன் கதையும் இதே ரகம். தென்கடல் தீவு, பழங்குடி வைத்தியம் என்று அளப்பார்கள். நம்மூர் மஞ்சணத்தி மரத்துக்கு அது ஒன்றுவிட்ட தம்பி என்று தெரிந்தால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். அசாயியைக் கேட்கவே வேண்டாம். அமேசான் காட்டில் பறித்த புத்துணர்வு அப்படியே பாட்டிலில் என்பார்கள். பறித்து ஒரு நாளுக்குள் கெட்டுப்போகத் தொடங்குகிற பழம் அது. கூழாக்கி உறைய வைத்தோ பொடியாக்கியோதான் கடல் தாண்ட முடியும். அதையாவது சொல்லலாமே.

அண்ணன் போன பிறகு பாட்டிலைத் திருப்பினேன். முன்பக்கம் கோஜி என்ற எழுத்து கட்டைவிரல் அளவு. பின்பக்கம் எறும்பு எழுத்து. போன் கேமராவில் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. தண்ணீர், அடர்சாற்றிலிருந்து தயாரித்த ஆப்பிள் சாறு, திராட்சைச் சாறு, சிட்ரிக் அமிலம், சோடியம் பென்சோவேட், அதற்கும் பின்னால் கோஜி சாறு. பெரும்பாலான நாடுகளில் எடை அதிகமானது முதலில் வர வேண்டும் என்பதுதான் லேபிள் விதி. பென்சோவேட் என்பது கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம். பழச்சாறுக்கு 0.1 சதவீதம் என்பதுதான் பொதுவாகச் சொல்லும் உச்சவரம்பு. அதற்கும் பின்னால் நிற்கிறார் நம் இமயமலை மகாராஜா!

2 சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம் என்று சில நாடுகளில் சலுகை உண்டு. சரி, அந்தச் சலுகையையும் கொடுத்தே கணக்குப் போடுவோம். முழுசாக 2 சதவீதம் இருந்தாலும் 30 மில்லியில் 0.6 மில்லி. ஒரு துளி 0.05 மில்லி என்று வைத்தால் பன்னிரண்டு துளி. வரிசை உண்மை என்றால் ஒரு துளிகூடத் தேறாது. நான் குடிக்கப்போவது ஆப்பிள் ஜூஸ். ஆப்பிள் எந்த மலையில் விளைந்தது என்று அட்டையில் ஏன் போடவில்லை?

கடையில் விற்கிறவர்கள் யோக்கியர்கள் என்று சொல்லவில்லை. மாதுளை, புளூபெரி என்று பெரிதாகப் பெயர் போட்டு விற்ற ஒரு பானத்தில் மாதுளை 0.3 சதவீதம், புளூபெரி 0.2 சதவீதம், மற்றதெல்லாம் ஏறக்குறைய ஆப்பிளும் திராட்சையும்தான். அதன் மேல் போட்ட வழக்கு 2014-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆனால் கடைக்காரர் என் வீட்டு வாசலுக்கு வந்து, "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று கண் கலங்குவதில்லை. வேண்டாம் என்றால் என் அம்மாவுக்குப் போன் போடுவதும் இல்லை.

அம்மா திட்டியதால் ஜூம் மீட்டிங்கிலும் உட்கார்ந்தேன். அண்ணனுக்கு அப்லைன், அதாவது அவரைச் சேர்த்துவிட்ட மேல் ஆள், அவருக்கும் அப்லைன், எல்லாருக்கும் மேலே டயமண்ட் லெவல் லீடர். அவர் ஓராக் மதிப்பு என்று, அதாவது ஆன்டிஆக்சிடன்ட் திறனைச் சோதனைக்குழாயில் அளந்த எண் என்று, ஒரு பட்டை வரைபடம் காட்டினார். ஆரஞ்சு குட்டையாக, அவர்கள் பழம் வானளவு. அந்த எண்கள் மனித உடம்பில் என்ன நடக்கும் என்பதைச் சொல்வதில்லை, வியாபாரிகள் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி அமெரிக்க வேளாண் துறை தன் ஓராக் பட்டியலை 2012-இலேயே தூக்கிவிட்டது. ஜூமில் மட்டும் அது இன்னும் சாகாவரம் பெற்று உலவுகிறது.

சாட்டில் என் கேள்வியைப் போட்டேன். பதிலாக நான்கு பிடிஎஃப் வந்தன. ஒன்று ஐஎஸ்ஓ 9001. அது நிறுவனத்தின் நிர்வாக முறைக்குத் தரும் சான்று, பாட்டிலுக்குள் இருப்பதைப் பற்றி வாய் திறக்காது. அடுத்தது ஜிஎம்பி, தொழிற்சாலை முறையாக நடக்கிறது என்பதற்கு. மூன்றாவது காப்புரிமை. செய்முறை புதிது என்பதற்குத்தான் அது, நல்லது என்பதற்கு அல்ல. நான்காவது ஆர்கானிக் சான்றிதழ். சான்று எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூ வரைந்திருந்தது. எண் இருந்தால் சான்று கொடுத்தவர்களிடமே சரிபார்த்துவிடலாம் அல்லவா, அதனால் பூ.

நான் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். பாட்டில் கழுத்தில் ஒரு பேட்ச் எண் அடித்திருக்கிறது. அந்த பேட்ச்சுக்கு வந்த கோஜி எந்த நாட்டுச் சரக்கு, பொடியா சாறா, அதைப் பரிசோதித்த அறிக்கை எங்கே? ஒழுங்காகச் சரக்கு வாங்குகிற எந்தத் தொழிற்சாலையிலும் இது ஃபைலில் இருக்கும். "வியாபாரியிடம் பொடியாக வாங்குகிறோம்" என்று சொல்லியிருந்தால்கூட மரியாதையாகத் தலையாட்டியிருப்பேன். லீடர் சொன்ன பதில்: "சந்தேகப்படுறவங்களுக்கு இந்த பிசினஸ் செட் ஆகாது சார்." அடுத்த நிமிடம் என்னை மியூட்டில் போட்டார்கள்.

அண்ணன் மேல் கோபம் பாதிதான். மாதாமாதம் பாயிண்ட் கணக்குக்காக அவரே வாங்கியாக வேண்டும். அவர் வீட்டுக் கட்டிலுக்கடியில் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது. எங்கே விளைந்தது என்று அவருக்கும் யாரும் சொல்லவில்லை. ஆனால் பொய்யென்று தெரியாமல் சொல்கிறவர் முகத்தில்தான் எத்தனை உறுதி! அதைப் பார்த்துத்தான் சொந்தக்காரர்கள் மறுபேச்சு இல்லாமல் வாங்குகிறார்கள். அந்த முகத்தை விற்றுத்தான் மேலே இருப்பவர்கள் டயமண்ட் ஆகிறார்கள்.

இன்று காலை குடும்ப குரூப்பில் அண்ணன் புதுச் சரக்கு ஒன்று போட்டிருக்கிறார். ஆழ்கடல் பாசி பவுடர். படத்தில் நீலக் கடல், ஒரு டால்பின்.

"அண்ணே, எந்தக் கடல்?" என்று கேட்டிருக்கிறேன். நீல டிக் விழுந்து மூன்று மணி நேரம் ஆகிறது.