என் குரலில் பேசுவது யார்?

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே அக்கா."

இந்த ஒரு வரியைக் கேட்டு ஐந்து வருஷம் ஆகப்போகிறது. இன்னும் காதை விட்டுப் போகவில்லை. சொன்ன பையன் கோபப்படவில்லை. எதிரில் உட்கார்ந்து, மேஜையில் கிடந்த பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். அன்றைக்கு அப்ரைசல். இரண்டாவது வருஷமாக அவனுக்குப் பதவி உயர்வு இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. முதல் வருஷம் "இந்தத் தடவை இடம் கம்மிப்பா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று மழுப்பி அனுப்பியிருந்தேன். இந்தத் தடவை அது செல்லாது. காரணங்களைச் சொன்னேன். எழுதிய ப்ரோகிராமை டெஸ்ட் பண்ணாமல் அனுப்புகிறாய். ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டால் யாரிடமும் கேட்காமல் நாள் கணக்கில் உனக்குள்ளேயே வைத்துப் புழுங்குகிறாய். கஸ்டமர் நேராகக் கேட்டால் சுற்றி வளைத்துப் பதில் சொல்கிறாய். எல்லாம் உண்மை. எனக்கு ஒன்றரை வருஷமாகத் தெரிந்த உண்மை. அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

போன வாரம் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தேன். "உங்கள் லீடர்ஷிப் ஸ்டைல் எது?" என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். நான்கு கட்டம், ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கடையில் சட்டை எடுப்பது போல யாரும் இதைப் பார்த்துப் பொறுக்கி எடுத்துப் போட்டுக்கொள்வதில்லை என்பது என் கருத்து. நமக்கு மேலே இருந்தவர்கள், நம்மை வளர்த்தவர்கள், நாம் பட்ட அவமானம், நாம் செய்த தவறு, எல்லாம் சேர்ந்து நமக்குத் தெரியாமலே நம்மைத் தைத்துவிடுகின்றன. இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது. பதிவு நீளம்தான்.

வேலையில் சேர்ந்த முதல் இரண்டரை வருஷம் ஒரு மேனேஜரிடம் இருந்தேன். பேர் வேண்டாம். வேலையில் புலி. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் சர்வர் எழுதிவைக்கும் பதிவில் (லாகில்) நாலு வரி பார்த்துவிட்டு எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். ஆனால் வாயைத் திறந்தால் ஆளைக் கூனிக் குறுக வைத்துவிடுவார். ஒரு நாள் நான் எழுதிய கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட், கஸ்டமர்கள் பயன்படுத்தும் நிஜ சிஸ்டமான ப்ரொடக்‌ஷனில் தப்பான டேட்டா டேபிளை அழித்துவிட்டது. பேக்கப் இருந்ததால் முக்கால் மணி நேரத்தில் மீட்டுவிட்டோம். மறுநாள் காலை என் ஸ்கிரிப்டை ப்ரொஜெக்டரில் போட்டு, இருபது பேருக்கு முன்னால் ஒவ்வொரு வரியாக என்னையே வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பதினோராவது வரியில் குரல் உடைந்தது. "சத்தமா" என்றார்.

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் படியில் இறங்கிப் போனேன். அப்போது மனதில் எடுத்த சபதம்: நான் என்றைக்காவது அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஒருத்தரையும் இப்படிச் செய்ய மாட்டேன்.

சபதத்தை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினேன். சத்தம் போடுவதை விட்டேன், கூடவே குறை சொல்வதையும் விட்டுவிட்டேன். "அக்கா அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாங்க" என்று டீமில் எனக்குப் பேர். அதில் எனக்குப் பெருமை வேறு. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது என்பார்கள். பூனைக்கு அங்கே வேலை கிடையாது, போகாமல் இருந்துவிடலாம். பத்துப் பேருக்கு வேலை சொல்லி வாங்குகிறவள் அப்படி இருக்க முடியாது. ஒருத்தனிடம் இருக்கும் குறையை உரிய நேரத்தில் அவனிடம் சொல்வதுதான் என் வேலையிலேயே முக்கியமான பகுதி. அதைச் செய்யாமல், அந்தப் பையனின் ஒன்றரை வருஷத்தை வீணாக்கியிருக்கிறேன்.

அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. அவரைப் போல ஆகிவிடக் கூடாது என்று தினமும் பார்த்துப் பார்த்து நடந்தவளுக்கு, தினமும் வழி காட்டியது அவர்தான். அவர் கிழக்கே போனார் என்பதற்காக நான் மேற்கே போனேன். போக வேண்டிய ஊர் எந்தப் பக்கம் என்று பார்க்கவே இல்லை. நமக்குப் பிடித்தவர்களின் பாதிப்பை நாம் ஒத்துக்கொள்கிறோம், நன்றி சொல்கிறோம். பிடிக்காதவர்களின் பாதிப்பு சொல்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனாலேயே அதற்குப் பலம் அதிகம்.

சத்தம் போட்டு வேலை வாங்குவது பலன் தரும் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு பழைய ஆராய்ச்சியைச் சொல்கிறேன். கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வைட் என்ற மூன்று உளவியலாளர்கள் அமெரிக்காவின் அயோவாவில் பத்து வயதை ஒட்டிய சிறுவர்களைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து, முகமூடி செய்வது போன்ற வேலைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1939-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு வகைத் தலைவர் எல்லாவற்றையும் தானே முடிவு செய்து கட்டளை போடுவார். இன்னொரு வகையினர் பிள்ளைகளோடு பேசி முடிவெடுப்பார். மூன்றாவது வகை, கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார். கட்டளைக் குழுவில் தலைவர் அறையில் இருக்கும்வரை வேலை நடந்தது, அவர் வெளியே போனதும் படுத்துவிட்டது. கலந்து பேசிய குழுவில் அவர் இருந்தாலும் போனாலும் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கள் மேனேஜர் லீவு போட்ட நாட்களில் எங்கள் தளம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். யாரும் சும்மா இருக்கவில்லை, ஆனால் ஒரு முடிவை எடுக்கக்கூட ஒருத்தருக்கும் துணிச்சல் இருக்காது.

இந்த ஆராய்ச்சியில் என்னைத் தொட்டது முடிவு மட்டுமல்ல. லெவின் யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ல் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். ஒரு மனிதன் கட்டளையிட்டால் ஒரு கூட்டம் என்ன ஆகும் என்ற கேள்வி அப்படிப்பட்டவர் மனதில் எழுந்ததில் ஆச்சரியம் என்ன? அவருடைய கேள்விக்கும் ஒரு காயம் பின்னால் இருந்தது என்றுதான் நான் படிக்கிறேன். ஆனால் அவர் அந்தக் காயத்தை வைத்துச் சபதம் எடுக்கவில்லை, அதைச் சோதித்துப் பார்த்தார்.

காயத்தைச் சரியாகப் பயன்படுத்தியவர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆபிரகாம் லிங்கன். அவருடைய பெருந்தன்மைக் கதைகளை எல்லோரும் சொல்வார்கள். இளம் வயதில் அவர் எழுத்தில் இருந்த விஷத்தை அவ்வளவாகச் சொல்வதில்லை. 1842-ல் இல்லினாய் மாநிலத் தணிக்கையாளராக இருந்த ஜேம்ஸ் ஷீல்ட்ஸைக் கிண்டலடித்து, புனைபெயரில் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அரசியலோடு நிற்காமல் ஆளையே கேலி செய்தது அந்தக் கடிதம். ஷீல்ட்ஸ் கொதித்துப்போய், இரண்டு பேர் ஆயுதத்தோடு நேருக்கு நேர் மோதும் டூயல் சண்டைக்கு அழைத்தார். லிங்கன் குதிரைப்படை வாளைத் தேர்ந்தெடுத்தார். மிசிசிப்பி ஆற்றின் நடுவே ஒரு தீவுக்கு இரண்டு பேரும் போயேவிட்டார்கள். கடைசி நேரத்தில் கூட இருந்தவர்கள் சமாதானம் செய்யாவிட்டால் இரண்டு பேரில் ஒருவர் செத்திருக்கலாம். பின்னாளில் ஒருவர் இந்தப் பேச்சை எடுத்தபோது, நட்பு வேண்டுமானால் இனி இதைப் பேசாதீர்கள் என்று லிங்கன் சொன்னதாக அவர் மனைவி எழுதியிருக்கிறார். அவ்வளவு வெட்கம்.

இருபத்தோரு வருஷம் கழித்து, 1863 ஜூலை. லிங்கன் இப்போது அமெரிக்க ஜனாதிபதி, உள்நாட்டுப் போர் நடக்கிறது. கெட்டிஸ்பர்க் போரில் வென்ற அவருடைய தளபதி மீட், பின்வாங்கிய எதிரிப் படையை விரட்டிப் பிடிக்காமல் விட்டுவிட்டார். லிங்கனுக்குத் தாங்கவில்லை. பொன்னான வாய்ப்பைக் கைநழுவ விட்டுவிட்டீர்கள் என்று ஒரு கடிதம் எழுதினார். எழுதி மடித்து உறையில் போட்டு, உறைமேல் 'மீடுக்கு, அனுப்பவில்லை, கையெழுத்திடவில்லை' என்று குறித்து வைத்துக்கொண்டார்.

இந்த அனுப்பாத கடிதத்தைத்தான் எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். கோபத்தை அடக்கு, கடிதத்தை மேஜைக்குள் போடு என்று பாடம் எடுக்கிறார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் புரிந்துகொண்டு, என் மௌனத்துக்கு அதைச் சாட்சியாக வைத்திருந்தேன். ஆனால் அதே வருஷம் ஜனவரியில் லிங்கன் எழுதி அனுப்பிய இன்னொரு கடிதம் இருக்கிறது. தளபதி ஹூக்கரைப் படைத்தலைமைக்கு நியமித்த கையோடு எழுதியது. வீரர், திறமையானவர் என்று முதலில் பாராட்டுகிறார். அடுத்து, உங்களிடம் எனக்குத் திருப்தி இல்லாத விஷயங்கள் உண்டு என்று தொடங்கி, உங்களுக்கு முன்பு இருந்த தளபதிக்கு ஒத்துழைக்காமல் முட்டுக்கட்டை போட்டீர்கள், அது நாட்டுக்குச் செய்த தீங்கு என்று நேராகச் சொல்கிறார். நாட்டுக்கு ஒரு சர்வாதிகாரி வேண்டும் என்று நீங்கள் பேசியதும் என் காதுக்கு வந்தது, அதையும் மீறித்தான் பொறுப்பைக் கொடுத்திருக்கிறேன் என்கிறார். அவமானப்படுத்தும் சொல் ஒன்றுகூட இல்லை. மறைத்த குறையும் இல்லை. அப்பா மகனுக்கு எழுதுவது போன்ற கடிதம் என்று ஹூக்கரே சொன்னதாகப் பதிவு இருக்கிறது.

ஒரு கடிதத்தை அனுப்பினார், ஒன்றை அனுப்பவில்லை. முதல் கடிதம் கிடைத்த ஆள் அன்றைக்குத்தான் பொறுப்பை ஏற்கிறார், திருத்திக்கொள்ள வழி இருக்கிறது. இரண்டாவதை அனுப்பினால் நடந்து முடிந்ததற்குக் குத்திக்காட்டுவது மட்டும்தான் மிச்சம். 1842-ல் பட்ட வெட்கம் அவரை ஊமையாக்கவில்லை, எந்த வார்த்தை எதற்கு உதவும் என்று நிறுத்துப் பார்க்கச் செய்தது என்றுதான் எனக்குப் படுகிறது. நான் படியில் இறங்கிப் போன அன்றைக்கு அந்தத் தராசை எடுத்துக்கொள்ளாமல் வாயைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுப் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். நான் மூத்த பெண். எனக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா ஆறு மாதம் படுக்கையில் விழுந்தாள். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டது நான்தான். யாரிடமும் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு அது முடியும்வரை காத்திருப்பதைவிட, நானே செய்துவிடுவது வேகம் என்று அப்போது கற்றுக்கொண்டேன். பன்னிரண்டு வயதில் அது குடும்பத்தைக் காப்பாற்றியது. முப்பத்தைந்து வயதில் டீமைக் கெடுத்தது. ஒருத்தர் தடுமாறுவதைப் பார்த்தால் ராத்திரியோடு ராத்திரியாக நானே முடித்துவைத்துவிடுவேன். ஒரு நாள் காலை ஒரு பெண் கம்ப்யூட்டரைத் திறந்து, நாலு நாளாக அவள் போராடிக்கொண்டிருந்த வேலை முடிந்திருப்பதைப் பார்த்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நேத்துதான் எனக்கு வழி புரிஞ்சுது" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை.

சின்ன வயதில் பார்த்தது அப்படியே ஒட்டிக்கொள்ளும் என்பதற்காக அதற்கு அடிமையாக வேண்டியதில்லை. நெல்சன் மண்டேலா சிறுவனாக இருந்தபோது, தன்னை வளர்த்த, தெம்பு என்ற இனத்தின் அரசப் பிரதிநிதியின் சபையில் நடந்த கூட்டங்களைப் பார்த்து வளர்ந்தார். யார் வேண்டுமானாலும் பேசலாம். பிரதிநிதியையே முகத்துக்கு நேரே குறை சொல்வார்கள். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு இறுதியில்தான் வாய் திறப்பார். தலைவனாகத் தானும் அந்த வழியைப் பின்பற்றியதாக மண்டேலா தன்வரலாற்றில் சொல்கிறார். அதே இடத்தில், அந்தச் சபையில் பெண்கள் இரண்டாம் தரமாக நடத்தப்பட்டதையும் குறிப்பிடுகிறார். நேசித்த ஒன்றில் இருந்த குறையை மறைக்காமல் எழுத எத்தனை பேருக்கு மனம் வரும்?

அனுபவம் தானாகவே ஆளை உருவாக்கிவிடும் என்று சொல்வதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. 1911 மார்ச் 25-ல் நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். வெளியேறும் கதவு ஒன்று பூட்டிக் கிடந்தது. மாடியிலிருந்து குதித்தவர்களைத் தெருவில் நின்று ஒரு பெருங்கூட்டமே பார்த்தது. பிரான்சிஸ் பெர்கின்ஸும் அங்கே நின்றார். பின்னாளில் 1933-ல் அமெரிக்காவின் தொழிலாளர் துறைச் செயலர் ஆனார். அந்த நாட்டு அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் அவர். 1935-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும், குறைந்தபட்ச ஊதியத்தையும் வேலை நேரத்தையும் வரையறுத்த 1938-ன் சட்டத்திலும் அவர் உழைப்பு இருக்கிறது. அதே தீயைப் பார்த்த மற்ற பலர் வீட்டுக்குப் போனார்கள். பெர்கின்ஸ் தீ விபத்துக்கு முன்பே தொழிற்சாலை நிலைமைகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர். நெருப்பு அவரிடம் வந்தபோது அவர் கையில் ஏற்கெனவே கேள்விகள் இருந்தன. இருபது வருஷ அனுபவம் என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்களைப் பார்த்தால், அதில் எத்தனை நாள் நின்று கேள்வி கேட்டீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. என்னையும் சேர்த்துத்தான்.

இப்போது நான் செய்வது ஒன்றுதான். யாரிடமாவது ஒன்றைச் சொல்லாமல் தள்ளிப்போட்டால், அல்லது யார் வேலையையாவது பிடுங்கிச் செய்யக் கை பரபரத்தால், அந்த இடத்தில் நிறுத்தி, இதைச் செய்வது யார் என்று கேட்டுக்கொள்கிறேன். ப்ரொஜெக்டர் முன்னால் நின்றவளா, பன்னிரண்டு வயதுக்காரியா, இல்லை இந்த டீமுக்குப் பொறுப்பான நானா? பாதி நாள் பதில் முதல் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கிறது. மாதம் ஒரு முறை ஒவ்வொருவரோடும் தனியாக உட்கார்ந்து, அவரிடம் நான் பார்க்கும் ஒரு குறையையாவது சொல்லாமல் எழுந்திருப்பதில்லை. முதல் வருஷம் ஒவ்வொரு தடவையும் உள்ளங்கை வியர்த்தது. இன்னும் சில பேரிடம் வியர்க்கிறது.

அந்தப் பையன் அப்போதே வேறு இடத்துக்குப் போய்விட்டான். இப்போது அவனும் டீம் லீட். போன மாதம் போன் பண்ணினான். பேச்சு இந்தப் பக்கம் வந்தது.

"நான் யாருக்கும் எதையும் பாக்கி வைக்கிறதில்ல அக்கா. தப்பு கண்ணுல பட்டா அன்னைக்கே, அந்த எடத்துலயே சொல்லிடுவேன். உங்ககிட்ட பட்டதுல கத்துக்கிட்டேன்."

மன்னிப்புக் கேட்டேன். முன்பே கேட்டிருக்க வேண்டியது. அவன் "அய்யய்யோ, விடுங்க அக்கா" என்றான். பிறகு கேட்டேன்: "அந்த எடத்துலயேன்னா, எல்லார் முன்னாடியுமாப்பா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"ஒரு பொண்ணு இருக்கா டீம்ல" என்றான். "ரெண்டு வாரமா மீட்டிங்ல வாயே தொறக்கறதில்ல. நாளைக்குத் தனியா கூப்பிட்டுப் பேசறேன்."