பத்து நிமிடம் தனியாக விடுங்கள்

நேற்று ராத்திரி எங்கள் டீம் தம்பி ஒருவன் போன் செய்தான். பெரிய டெக் நிறுவனம் ஒன்றின் கோடிங் இன்டர்வியூவில் கடைசி ரவுண்டு வரை போய் ரிஜெக்ட் ஆகியிருக்கிறான். "அண்ணா, எனக்கு நிஜமாவே கோடிங் வராதோன்னு தோணுது" என்றான். நள்ளிரவில் சர்வர் படுத்தால் நாங்கள் முதலில் எழுப்புவது அவனைத்தான். அவன் வாயில் அப்படி ஒரு வார்த்தை வந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

எனக்கும் இது நடந்திருக்கிறது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். 45 நிமிட ரவுண்டு. 0, 1 நிரம்பிய கட்டங்களில் எத்தனை தீவுகள், அதாவது ஒட்டியிருக்கும் 1-களின் கூட்டங்கள், இருக்கின்றன என்று எண்ண கோட் எழுத வேண்டும், அவ்வளவுதான். திரையில் கர்சர் துடிக்கிறது. எதிரே இருப்பவர் எதையோ டைப் செய்யும் சத்தம் ஹெட்போனில் கேட்கிறது. என்னைப் பற்றித்தான் எழுதுகிறாரோ என்று நினைத்ததும் கை நின்றுவிட்டது. "யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்" என்றார். சொல்லச் சொல்ல, யோசனை நின்று பேச்சு மட்டும் ஓடியது. போய்வந்த கட்டத்தைக் குறித்துவைக்கும் ஒரே ஒரு வரியை விட்டுவிட்டேன். கோட் முடிவே இல்லாமல் சுற்றியது. வீடியோ கால் முடிந்தபின் தனியாக உட்கார்ந்து எழுதினேன், கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

இது என் பயந்த சுபாவம் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 2020இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 48 மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பாதிப் பேர் ஆள் பார்க்க, விளக்கிக்கொண்டே போர்டில் எழுதினார்கள். மீதிப் பேர் தனி அறையில் எழுதினார்கள். ஆள் பார்க்க எழுதியவர்களின் செயல்திறன் மற்றவர்களுடையதில் பாதிதான் இருந்தது.

நிறுவனங்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வரும்போது எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவுகோல் வேண்டும். தவறான ஆளை எடுப்பதைவிட நல்ல ஆளை விடுவது பரவாயில்லை என்றும் கணக்குப் போடுகிறார்கள். சரி. ஆனால் விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்பது மாதிரிக் கேள்விகளால் பயனே இல்லை என்று கூகுளின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013இல் வெளிப்படையாகச் சொன்னாரே. அதைச் சோதித்துப் பார்த்துக் கைவிட முடிந்ததென்றால், ஆள் பார்க்க எழுதவைக்கும் இந்த முறையையும் மாற்ற முடியும்.

நான் இன்டர்வியூ எடுக்கும்போது கேள்வியைச் சொல்லிவிட்டு, சந்தேகம் கேட்கச் சொல்வேன். அப்புறம் கேமராவையும் மைக்கையும் பத்து நிமிடம் அணைத்துவிடுவேன். ஏஐயிடம் கேட்டுவிட மாட்டார்களா என்கிறார்கள். கேட்கட்டும். திரும்பி வந்து ஒரு நிபந்தனையை மாற்றி, "இப்போ எந்த வரி மாறும்?" என்றால் யார் எழுதியது என்று தெரிந்துவிடும். போன மாதம் ஒரு பெண், நான் மைக்கைப் போட்டதுமே, "சார், காலி இன்புட் வந்தால் மூணாவது வரியில் கோட் நின்னுடும், மாத்திக்கட்டுமா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கே நான் முடிவு செய்துவிட்டேன்.

தம்பிக்கு வேறு இரண்டு இடங்களில் ரவுண்டு இருக்கிறது. சனிக்கிழமை ஒத்திகைக்காக ஒரு மாக் இன்டர்வியூ வைத்திருக்கிறோம். அவன் எழுதுவதை நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து பார்க்கப்போகிறோம். பார்க்கும் கண்களுக்கு அவன் பழக வேண்டியிருக்கிறது என்பதில்தான் எனக்கு வருத்தம்.