ஹெர்2 புரதமும் சாப்பாட்டுப் புரதமும் ஒன்றல்ல

ஒருவர், மார்பகப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் ஹெர்2 பாசிட்டிவ் என்று வந்தால் உடம்பில் புரதம் கூடிவிட்டது என்று அர்த்தம், முட்டையையும் பருப்பையும் நிறுத்தினால் கட்டி வளராது என்று எழுதியிருக்கிறார். அக்கறையோடு சொன்னதுதான், ஆனால் தகவல் சரியில்லை.

ஹெர்2 நாம் சாப்பிட்டு வருகிற புரதம் இல்லை. செல்லே தன் மரபணுவைக் கொண்டு தயாரித்து, தன் மேற்பரப்பில் நட்டுவைக்கும் ஏற்பி அது. ‘வளர், பிரி’ என்ற சைகையை உள்ளே அனுப்புவது அதன் வேலை. 17-ஆம் குரோமோசோமில் இருக்கும் அந்த மரபணு, சில மார்பகப் புற்றுநோய்களில் பல நகல்களாகப் பெருகிவிடுகிறது. ஏற்பிகள் நெருக்கியடித்து நிற்க, சைகை ஓயாமல் போகிறது. கட்டி வேகமாக வளர்ந்து பரவுகிறது. முட்டைப் புரதமோ குடலிலேயே அமினோ அமிலங்களாக உடைந்துவிடும்.

சந்தேகம் இருந்தால் பயாப்ஸி ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். ஹெர்2 என்ற வரியில் 0, 1+, 2+, 3+ என்று ஏதாவது ஒன்று இருக்கும். கட்டியின் துணுக்கில் சாயமேற்றிப் பார்த்துப் போட்ட மதிப்பெண் அது. 3+ என்றால் பாசிட்டிவ். 2+ வந்தால் பெரும்பாலும் ஃபிஷ் (FISH) என்ற மரபணுச் சோதனைக்கு அனுப்பி அந்த மரபணுவின் நகல்களை எண்ணுவார்கள். சாப்பாட்டுக்கு அதில் இடமே இல்லை.

அப்புறம், 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, ஹெர்2 பாசிட்டிவ் புற்றுநோய்க்குத் தரும் டிராஸ்டுசுமாப் மருந்தும் இந்த ஏற்பியில் போய் ஒட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறது. கீமோ நடக்கும்போது உடம்புக்குப் புரதம் தேவை. முட்டையை நிறுத்துவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.