எக்ஸ்றேயில் ஒன்றும் இல்லையாம்!

ஞாயிற்றுக்கிழமை கலியாண மண்டபத்தில் நடந்தது இதை வாசிக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். ஐயா, முடக்குவாதம் என்கிற மூட்டு வருத்தத்துக்கு மருந்து தொடங்கியிருக்கிற ஒரு பிள்ளையின் கை எக்ஸ்றேயை நீங்கள் போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு கீறல்கூட இல்லை, இதுக்குப் போய் இவ்வளவு நடிப்போ?" என்று தீர்ப்புச் சொன்னீர்கள். பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், வேறு என்ன செய்ய?

ஐயா, முடக்குவாதம் தொடங்குகிற காலத்தில் எக்ஸ்றே பெரும்பாலும் சுத்தமாகத்தான் இருக்கும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி முதலில் தாக்குவது எலும்பை அல்ல, மூட்டுக்குள் இருக்கிற மெல்லிய சவ்வை. எக்ஸ்றேயில் அந்தச் சவ்வு தெரியாது. மிஞ்சிப் போனால் சதை வீக்கமும், மூட்டை ஒட்டிய எலும்பு அடர்த்தி குறைந்திருப்பதும் தெரியும். கறையான் பிடித்த கதவு நிலைக்கும் வெளிப்பூச்சு நல்லாய்த்தானே இருக்கும்? வீங்கிய சவ்வில் இரத்தம் பாய்வதை டொப்ளர் ஸ்கானில், அதாவது ஒலியலையால் எடுக்கிற படத்தில், பார்க்கலாம். எலும்பு மச்சையில் நீர் கோர்ப்பது எம்.ஆர்.ஐ.யில் தெரியும். எக்ஸ்றே காட்டுவது சேதம் நடந்த பிறகு.

திரும்பவும் சொல்கிறேன்: படம் சுத்தம் என்றால் வருத்தம் இல்லை என்று அர்த்தமில்லை.

"நீ என்ன டொக்டரோ?" என்று கேட்பீர்கள். இல்லை. நீங்களும் இல்லை. டொக்டர்மார் இந்த வருத்தத்துக்கு 1987இல் போட்ட அடையாளப் பட்டியலில் எக்ஸ்றே மாற்றமும் ஒன்று. 2010இல் அமெரிக்க, ஐரோப்பிய நிபுணர்கள் சேர்ந்து புதிதாகப் போட்ட புள்ளிக் கணக்கில் அது இல்லை. எந்த மூட்டு, எத்தனை மூட்டு, இரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது, ஆறு கிழமை ஆயிற்றா, இவ்வளவுதான். எலும்பு அரிபடும்வரை காத்திருக்கக் கூடாது என்றுதான் மாற்றினார்கள்.

என் சின்னம்மாவுக்கும் முதல் படம் கிளியர். விடியக்காலையில் விரல் மடங்காது. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தூக்குவா. தேங்காய் திருவ முடியவில்லை என்றதற்கு "வேலைக்கள்ளி" என்று பெயர் வைத்தார்கள். வைத்தவர்கள் யார் என்று இப்போது எழுதவில்லை, சொந்தக்காரர் என்றபடியால். வருசங்கள் கழித்து எடுத்த படத்தில் விரல் மொழிகளின், அதாவது கணு மூட்டுகளின், இடைவெளி ஒடுங்கி, எலும்பு ஓரங்கள் கடித்த மாதிரி இருந்தன. விரல்கள் சின்னவிரல் பக்கமாகச் சரிந்து கிடந்தன. நுனி மூட்டுகள் மட்டும் அப்படியே. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு எல்லாருக்கும் திடீரென்று இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தை வைத்து என்ன செய்வது?

"வயது போனால் தேயும்தானே" என்பவர்களுக்கு: அது வேறு. தேய்மானத்தில் விரல் நுனி மூட்டில் எலும்பு முடிச்சுக் கட்டும். இது மணிக்கட்டையும் விரல் மொழியையும் இரண்டு கையிலும் பிடிக்கும். அப்படியானால் எக்ஸ்றே எதற்கு? பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க. பாதத்தையும் சேர்த்து எடுப்பார்கள், ஏனென்றால் சின்னக் கால்விரலின் அடிமூட்டில் எலும்பு அரிபடுவது முந்தித் தெரிவதுண்டு.

"நடிக்கிற ஆட்களும் இருக்கினம்தானே." சரி, இருக்கட்டும். அதற்காக மருந்து தொடங்கியிருக்கிற பிள்ளையின் காதில் "படம் கிளியர், குளிசை ஏன்?" என்று ஓதுவீர்களா? அவள் நாளைக்கு மருந்தை நிற்பாட்டினால் யார் பொறுப்பு?

இந்த வருத்தம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். அதனால்தானோ என்னவோ இவ்வளவு சந்தேகம். உங்களுக்கு நாரி பிடித்தபோது படம் காட்டச் சொல்லி யாராவது கேட்டோமா, ஐயா? மாமி இரவிரவாக ஒத்தடம் பிடித்தா. வீட்டில் ரிவிகூடச் சத்தமாகப் போடவில்லை. பொம்பிளைப் பிள்ளையின் கை என்றவுடன் மண்டபம் நிறைய எக்ஸ்றே நிபுணர்கள்.