கணிப்பொறியில் யாருக்கும் கால் பிடித்துக்கொள்வதில்லை

2025 ஷாங்காய் மாஸ்டர்ஸ் டென்னிஸ் போட்டியில் யார் வெல்வார் என்று கணிக்க நான் போட்ட எக்செல் தாளை இன்னும் அழிக்கவில்லை. 96 பேர் ஆடும் போட்டி அது. அதில் 12 வரிகளில் பெயரே கிடையாது. முன்கூட்டியே நடக்கும் தகுதி ஆட்டங்களில் வென்று உள்ளே வருபவர்களுக்கான இடம் அது; 'தகுதிச் சுற்று வீரர்' என்று மட்டும் எழுதியிருப்பேன். தகுதிச் சுற்று முடிவதற்குள்ளேயே முழுப் போட்டியையும் கணிப்பொறியில் பத்தாயிரம் தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். கோப்பையை வென்ற வாலன்டின் வாஷெரோ அந்தப் பெயரில்லாத 12 வரிகளில் ஒன்றில்தான் இருந்தார்.

மொனாக்கோக்காரர். தரவரிசையில் 204. தகுதிச் சுற்றிலேயே, யாராவது விலகினால் உள்ளே வரும் மாற்று வீரராகக் காத்திருந்து இடம் பிடித்தவர். தகுதிச் சுற்றில் இரண்டு, பிரதானச் சுற்றில் ஏழு என ஒன்பது ஆட்டங்களையும் வென்றார். ஒவ்வொரு ஆட்டத்திலும் அவருக்கு நூற்றுக்கு முப்பது வாய்ப்பு என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதையும் வெல்ல ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு வாய்ப்புதான்.

2020இல் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை டென்னிஸ் நின்றுபோனது. விம்பிள்டனும் ரத்தானது. அப்போது தம்பியும் நானும் பகடை உருட்டி ஆரம்பித்த பழக்கம் இது. பிறகு கணிப்பொறிக்கு மாறினோம். அடிப்படை எளியதுதான். ஒருவர் தன் சர்வீஸில் நூறு புள்ளிக்கு 55 எடுத்தால், அந்த கேமை வெல்லும் வாய்ப்பு 62 சதவீதம். 60 எடுத்தால் அது 74 ஆகிவிடும். புள்ளியில் இருக்கும் சின்ன வித்தியாசம் கேமில் வளர்ந்து, செட்டில் இன்னும் பெருகி, ஆட்டம் முடியும்போது பெரிய பள்ளமாகிவிடுகிறது. முன்னணி வீரர்கள் நாலைந்து பேரே திரும்பத் திரும்பக் கோப்பையைத் தூக்குவது ஏன் என்று எனக்குப் புரியவைத்தது இந்தக் கணக்குதான். இப்படிக் கணிப்பொறியில் போட்டியை ஆடிப் பார்க்கும் சிமுலேஷனை வெட்டி வேலை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

ஆனால் அக்டோபர் பிறந்தால் கணக்கு தடுமாறுகிறது. ஜனவரியில் அடித்த சர்வீஸும் பத்து மாதம் ஆடிக் களைத்தபின் அடிக்கும் சர்வீஸும் கணிப்பொறிக்கு ஒன்றுதான். ஷாங்காயில் சின்னர் கிரிக்ஸ்பூரோடு ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆளுக்கொரு செட். மூன்றாவது செட்டில் 2-3. இரவு நேரம்தான், ஆனாலும் காற்றில் ஈரம் பிழியலாம் போலிருந்தது. நடப்புச் சாம்பியன் சின்னர் தொடையைப் பிடித்துக்கொண்டு, ராக்கெட்டைத் தரையில் ஊன்றி, ஊன்றுகோல் பிடித்த முதியவரைப் போல ஒவ்வோர் அடியாக நகர்ந்தார். அதோடு விலகிவிட்டார். என் தாளில் அந்த ஆட்டத்தை அவர் சிரமமின்றி வென்றிருந்தார்.

அல்கராஸ் வரவில்லை, சின்னர் பாதியில் போய்விட்டார், அரையிறுதியில் ஜோகோவிச் உடம்பு சரியில்லாமல் ஆடினார், ஆகவே இந்தக் கோப்பையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று நண்பர்கள் சிலர் எழுதினார்கள். படித்தபோது கோபம் வந்தது. வாஷெரோ மட்டும் குளிரூட்டிய அறையிலா ஆடினார்? அதே புழுக்கத்தில் மற்ற எல்லோரையும்விட இரண்டு ஆட்டம் கூடுதலாக ஆடியவர் அவர். கிரிக்ஸ்பூருடன் முதல் செட் போனது. ரூனுடன் போனது. இறுதியாட்டத்தில் தன் ஒன்றுவிட்ட சகோதரர் ஆர்தர் ரிண்டர்க்நெக்குடனும் 4-6 என்று போனது. மூன்று முறையும் மீண்டு வந்து வென்றார். தாங்கும் உடம்பும் ஆட்டத் திறமையில் சேர்ந்ததுதான். அதைக் கழித்துவிட்டுப் பார்ப்பது டென்னிஸே அல்ல.

அப்படியானால் களைப்புக்கு ஒரு கட்டம் சேர்த்துக் கழித்துக்கொள்ளலாமே என்பார்கள். நானும் சேர்த்துப் பார்த்தேன். 2016ஐ அதில் போட்டால் உதைக்கிறது. அந்த ஆண்டு ஆண்டி மர்ரே பெய்ஜிங், ஷாங்காய், வியன்னா, பாரிஸ் என வரிசையாக வென்றுவிட்டு ஆண்டிறுதிப் போட்டிக்காக லண்டனுக்கு வந்தார். அரையிறுதியில் ராவ்னிச்சோடு 3 மணி 38 நிமிடம். ஜோகோவிச்சோ நிஷிகோரியை 6-1, 6-1 என்று சுருட்டிவிட்டு வந்திருந்தார். மறுநாள் இறுதியாட்டம், ஆண்டின் தரவரிசை முதலிடமும் அதில்தான் முடிவாக வேண்டும். களைப்பைக் கழிக்கும் எந்தக் கணக்கும் ஜோகோவிச் பக்கம்தான் சாயும். மர்ரே 6-3, 6-4 என்று வென்றார். அடுத்த ஆண்டு இடுப்பு அவரைப் படுத்தியது. 2018 ஜனவரியில் அறுவை சிகிச்சை. நவம்பரில் வென்றதற்கான விலையை அவர் பிறகு கொடுத்தார் என்றே நான் நினைக்கிறேன்.

2025 நவம்பரில் ஏதென்ஸில் நடந்தது இன்னொரு வகை. டூரினில் எட்டுப் பேர் மட்டும் ஆடும் ஆண்டிறுதிப் போட்டிக்குள் நுழைய முசெட்டி ஏதென்ஸ் போட்டியின் இறுதியாட்டத்தை வென்றே ஆக வேண்டும். ஏறக்குறைய மூன்று மணி நேரம் போராடி ஜோகோவிச்சிடம் தோற்றார். ஜோகோவிச்சுக்கு அது 101ஆவது பட்டம். ஆட்டம் முடிந்த கையோடு தோள் காயத்தால் டூரினுக்கு வரவில்லை என்று ஜோகோவிச் அறிவிக்க, தோற்ற முசெட்டிக்கு இடம் கிடைத்துவிட்டது. தோற்றவரை உள்ளே அனுப்பவும் வென்றவரை வீட்டுக்கு அனுப்பவும் என் நிரலில் ஒரு வரிகூடக் கிடையாது.

அடுத்த அக்டோபருக்குள் இரண்டு மாற்றங்கள் செய்யப்போகிறேன். தகுதிச் சுற்று முடிந்து எல்லாப் பெயர்களும் வந்த பிறகுதான் ஓட்டுவேன். கடைசி மூன்று வாரங்களில் ஒருவர் களத்தில் நின்ற மணி நேரத்தையும் தனியாகக் குறித்துவைப்பேன். ஆனால் வீரர்கள் போட்டியிலிருந்து விலகுவதை எப்படிச் சேர்ப்பது என்றுதான் பிடிபடவில்லை. இதே வேலையைச் செய்பவர்கள் யாராவது இருந்தால், நீங்கள் என்ன வழி வைத்திருக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள்.