42 பேர் லிஸ்ட்

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று ராத்திரி ஒரு சீனியர் அண்ணன் அந்த பிடிஎஃப்பை இன்னொரு குரூப்பில் போட்டு, "நல்லா வேணும் இவனுங்களுக்கு" என்று நான்கு சிரிப்பு எமோஜி வைத்ததைப் பார்த்த பிறகு முடியவில்லை. எந்த பிடிஎஃப் என்று கேட்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள், அப்படியே ஸ்க்ரோல் பண்ணிப் போய்விடுங்கள். மற்றவர்களுக்கு: ஆமாம், காலேஜ் தரப்பிலிருந்து குரூப்பில் போட்ட அதேதான். ஹாஸ்டல் வைஃபையில் "தடை செய்யப்பட்ட தளங்களைப் பயன்படுத்திய" 42 பேரின் பெயர், ரோல் நம்பர், ரூம் நம்பர், போன் நம்பர், போன தளத்தின் பெயர். ஐந்து காலம் (நெடுவரிசை), பார்டரெல்லாம் போட்டு அழகாக.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருட்டுப் படம் பார்ப்பது தப்பு. அந்த லிஸ்ட்டைக் குரூப்பில் போட்டது அதைவிடப் பெரிய தப்பு. இரண்டில் ஒன்றை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு வருபவர்கள் தாராளமாக வரலாம், பழகிவிட்டது.

சரி, லிஸ்ட்டுக்கு வருவோம். கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பேப்பர் எழுதிய யாரும் அதைப் பார்த்து முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: எத்தனை எம்பி? நெட்டைக் காவல் காக்கும் ஃபயர்வால் வைக்கும் பதிவில், அதாவது லாகில், பெரும்பாலும் அந்தக் கணக்கு இருக்கும். ஒரு படம் என்றால் பல நூறு எம்பி, கொஞ்சம் நல்ல பிரின்ட் என்றால் ஒன்றரை, இரண்டு ஜிபி. ஒரு பக்கம் சும்மா திறந்து மூடினால் சில எம்பிதான். யார் இறக்கினான், யார் தடுக்கி விழுந்தான் என்று பிரித்துக் காட்டும் ஒரே காலம் அதுதான். லிஸ்ட்டில் அது மட்டும் இல்லை. ரூம் நம்பர் இருக்கிறது, போன் நம்பர் இருக்கிறது. அடிக்கப் போகிறவனுக்கு அட்ரஸ் வேண்டும், ஆதாரம் எதற்கு?

இன்றைக்குக் கிட்டத்தட்ட எல்லாத் தளமும் எச்டிடிபிஎஸ், அதாவது நடுவில் இருப்பவர் படிக்க முடியாதபடி பூட்டிய இணைப்பு. அந்த எம்பி கணக்கை விட்டால், நடுவில் இருக்கும் வைஃபை பெட்டிக்குத் தெரிவது தளத்தின் பெயர் மட்டும்தான். தளத்தின் பெயருக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயரைக் கேட்டதும், இணைப்பு தொடங்கும்போது பிரவுசர் அந்தப் பெயரை வெளிப்படையாகச் சொல்வதும் லாகில் விழும். உள்ளே எந்தப் பக்கம், எந்தப் படம், எதுவும் தெரியாது. அந்தப் பெயர் லாகில் விழ நீங்கள் அங்கே போக வேண்டும் என்றுகூட இல்லை. ஓசியில் பிடிஎஃப் மாற்றித் தரும் தளத்தில் தப்பான இடத்தில் ஒரு தட்டு தட்டினால் பின்னால் இன்னொரு டேப் திறக்கும். அது எங்கே போகிறது என்று தீர்மானிப்பது விளம்பரக்காரன்.

இன்னொன்று. வாட்ஸப்பில் ஒரு லிங்க்கை ஒட்டினால் கீழே குட்டிப் படத்தோடு ஒரு பெட்டி வருமே, அதை எடுத்து வருவது அனுப்புகிறவரின் போன். அதாவது "மச்சி, இந்த சைட்ல வைரஸ் இருக்கு, தொடாத" என்று நண்பனை எச்சரிக்க லிங்க்கை ஒட்டியவன் லாகில் வருவான். அந்த நண்பன் வர மாட்டான். 17ஆவது வரியில் இருப்பவன் கதை இதுதான். அவன் அனுப்பிய மெசேஜை நானே பார்த்தேன். எச்சரித்ததற்குப் பரிசு.

ரோல் நம்பர் விஷயத்துக்கு வந்தால் இன்னும் கூத்து. லாகின் பக்கத்தில் ரோல் நம்பர், பாஸ்வேர்டு பிறந்த தேதி. 80 சதவீதம் பேர் மாற்றியிருக்க மாட்டார்கள் என்று என் யூகம், பந்தயம்கூட கட்டுவேன். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிய ரூம்மேட்டுக்குத் தேதி தெரியாதா? தன் கோட்டா தீர்ந்தால் பக்கத்துக் கட்டில்காரனின் நம்பரில் ஏறுவது ஹாஸ்டலில் காலங்காலமாக நடப்பது. அதுவும் வேண்டாம் என்றால், ஒருவன் லேப்டாப்பில் லாகின் செய்து மொபைல் ஹாட்ஸ்பாட் ஆன் பண்ணினால் விண்டோஸ் 8 சாதனங்கள் வரை விடும். அந்த எட்டுப் பேர் பார்த்ததும் ஒருவன் ரோல் நம்பரில். அந்த ஒருவன்தான் லிஸ்ட்டில். மற்ற எட்டுப் பேர் குரூப்பில் "ச்சே, இவனா?" என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

"இன்டர்நெட் கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வந்தது, அதனால்தான்" என்கிறார்கள். வந்திருக்கலாம். டாரண்டில் இறக்கும்போதே நீங்கள் மற்றவர்களுக்குத் துண்டு துண்டாக அனுப்பவும் செய்கிறீர்கள், கூட்டத்தில் இருக்கும் எல்லோருக்கும் உங்கள் ஐபி (இணைய முகவரி) தெரியும். யாரோ குறித்து வைத்துப் புகார் அனுப்புவார்கள். ஆனால் வெளியே தெரிவது மொத்த கேம்பஸுக்கும் பொதுவான ஐபி. அதிலிருந்து ஒரு ஆளைப் பிடிக்க நேரம், போர்ட் எண், அந்த நேரத்து நேட் லாக் (உள்ளே எந்தச் சாதனம் அந்தப் பொது ஐபியில் வெளியே போனது என்ற பதிவு) மூன்றும் பொருந்த வேண்டும். பொருத்திப் பார்த்தார்களா? பார்த்திருந்தால் ஒருவர், இருவர் வந்திருப்பார்கள். 42 வராது. 42 என்பது வடிகட்டாமல் ஊற்றிய கணக்கு.

"தப்பு பண்ணலைன்னா எதுக்குப் பயப்படணும்?" இந்தக் கேள்வியை இதுவரை ஒன்பது பேர் கேட்டாயிற்று. லிஸ்ட்டில் 11 பேர் பெண்கள். தெரியாத நம்பர்களிலிருந்து முதல் ராத்திரியே போன் வர ஆரம்பித்துவிட்டது. தலைப்பைக் கவனித்தீர்களா? "தடை செய்யப்பட்ட தளங்கள்". படத் தளம் என்றோ புத்தகத் தளம் என்றோ இல்லை. தளத்தின் பெயர் ஐந்தாவது காலத்தில் சின்ன எழுத்தில். ஊரில் இருக்கும் ஒரு அப்பா தலைப்பைப் படித்தால் என்ன நினைப்பார்? அந்தப் போனில் வந்த பையன்கள் என்ன நினைத்தார்களோ அதையேதான். ஒரு பெண்ணை வீட்டிலிருந்து வந்து அழைத்துப் போய்விட்டார்கள். அவள் பெயருக்கு நேரே இருந்தது ஆய்வுக் கட்டுரைத் தளம். சயின்ஸ் பேப்பர் படித்ததற்காக அம்மாவிடம் அறை வாங்கியவள் தமிழ்நாட்டிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். பயப்படுவதற்குத் தப்புப் பண்ணியிருக்க வேண்டியதில்லை அண்ணா.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் அதன் விதிகள் வந்தன, கட்டம் கட்டமாக அமலுக்கு வருகிறது. அதன் அடிப்படை எளிமையானது: எந்தக் காரியத்துக்குத் தகவலை வாங்கினாயோ அந்தக் காரியத்துக்கு மட்டும் பயன்படுத்து. நாங்கள் போன் நம்பர் கொடுத்தது அட்மிஷன் ஃபார்மில், அவசரத்துக்குக் கூப்பிட. இதற்கில்லை.

அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "அப்போ திருட்டு சரிங்கிறியா?" இல்லை என்று மேலேயே எழுதிவிட்டேன், மறுபடி எழுதுகிறேன்: இல்லை. 2023இல் திருத்திய சினிமாட்டோகிராஃப் சட்டத்தில் தியேட்டரில் கேமரா வைத்து எடுப்பவனுக்கும் அதை லாபத்துக்குப் பரப்புபவனுக்கும் 3 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 3 லட்சத்தில் தொடங்கி படத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதம். சரியான சட்டம்தான். லைட்மேனிலிருந்து டப்பிங் ஆர்ட்டிஸ்ட் வரை அந்தப் பணத்தில்தான் சோறு.

அதைவிட, இறக்குகிறவனுக்குத் தன் மேலேயே அக்கறை வேண்டும். இந்தத் தளங்களில் இப்போது புதிதாக ஒன்று. "நான் ரோபோ இல்லை" என்ற பெட்டி வரும். தட்டினால், விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்து, கன்ட்ரோல் வி, என்டர் என்று மூன்று படி சொல்லும். நீங்கள் தட்டியபோதே ஒரு கமாண்டை உங்கள் கிளிப்போர்டில் வைத்திருப்பான். மூன்றாவது படியில் அதை நீங்களே ஓட்டிவிடுகிறீர்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, குக்கி எல்லாம் போகும். குக்கி போனால் பல அக்கவுண்டுகளில் ஓடிபி கேட்காமலே நுழைந்துவிடலாம், ஏற்கெனவே லாகின் ஆன கணக்குதானே அது. 2024 டிசம்பரில் திருட்டு ஸ்ட்ரீமிங் தளங்களின் விளம்பரம் வழியாகக் கிளம்பிய வேறொரு தாக்குதல் உலகம் முழுவதும் கிட்டத்தட்ட 10 லட்சம் கணினிகளைத் தொட்டது என்று மைக்ரோசாஃப்ட்டே சொன்னது. டெலிகிராமில் வரும் ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப் ஃபைல்) இன்னும் மோசம். படம் காட்டும் ஆப்புக்கு எஸ்எம்எஸ் படிக்க அனுமதி எதற்கு? திரையைப் படித்து இயக்க விடும் அக்சஸிபிலிட்டி அனுமதி எதற்கு? கேட்டால் அழித்துவிடுங்கள். இதையெல்லாம் ஒரு மணி நேரம் செமினார் ஹாலில் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் நிறுத்தியிருப்பார்கள். சொல்லவில்லை. லிஸ்ட் போட்டார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 42இல் 9 பேர் பெயருக்கு நேரே இருப்பது படத் தளமே இல்லை, காசு கட்ட வேண்டிய ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் சை-ஹப். அதையும் சினிமாவையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். 2011இல் கஜகஸ்தானைச் சேர்ந்த ஒரு மாணவி தொடங்கியது, கட்டுரைக்குக் காசு கொடுக்க முடியாததால். தில்லி உயர் நீதிமன்றத்தில் 2020 டிசம்பரில் பதிப்பகங்கள் வழக்குப் போட்டன, 2025 ஆகஸ்ட்டில் முடக்கச் சொல்லி உத்தரவும் வந்தது. சட்டப்படி தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கட்டுரை 30 டாலருக்கு மேல். மெஸ் பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மத்திய அரசு 6,000 கோடி ரூபாயில் "ஒரே நாடு ஒரே சந்தா" கொண்டுவந்தது, 30 பதிப்பகம், சுமார் 13,000 ஆய்விதழ். கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் அது அரசு நிறுவனங்களுக்கு. நம்மைப் போல் செல்ஃப் ஃபைனான்ஸ் காலேஜில் லட்சக்கணக்கில் கட்டிப் படிப்பவர்களுக்கு இல்லை. ப்ராஜெக்ட் ரிவ்யூவில் "20 ரெஃபரன்ஸ் வேணும், அதுவும் கடைசி மூணு வருஷத்துது" என்று கேட்பார்கள். எங்கிருந்து எடுப்பது என்று எந்தப் பேராசிரியரும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதற்குப் பெயர்தான் பெருந்தன்மை போல.

வழி இல்லாமல் இல்லை. கட்டுரை எழுதியவருக்கே மெயில் போட்டால் பலர் அனுப்பிவிடுவார்கள், இரண்டு வரி போதும். அன்பேவால் என்ற எக்ஸ்டென்ஷன் போட்டால் சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் காப்பி எங்காவது இருந்தால் காட்டும். ஆய்வாளர்களே கட்டுரைகளை இலவசமாகப் போடும் ஆர்க்கைவ், இந்திய ஆய்வேடுகள் கிடைக்கும் சோத்கங்கா இருக்கின்றன. இதை நூலகத்தில் ஒரு நோட்டீஸாக ஒட்டியிருக்கலாம்.

நம் கேட் எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடை அண்ணனை நினைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு செமஸ்டரும் புத்தகத்தை முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை அடித்து ஸ்பைரல் போட்டுத் தருவார். வரிசையில் மாணவர்கள் மட்டுமா நிற்கிறார்கள்? தில்லிப் பல்கலைக்கழகத்தில் இருந்த ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை மேல் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸும் 2012இல் வழக்குப் போட்டார்கள். 2016 செப்டம்பரில் அது தள்ளுபடி ஆனது. பதிப்புரிமை ஒன்றும் தெய்வீக உரிமை இல்லை என்று நீதிபதி தீர்ப்பிலேயே எழுதினார். மேல்முறையீட்டில் ஒரு பகுதி மறு விசாரணைக்குத் திரும்பியது, 2017இல் பதிப்பகங்களே வழக்கை விட்டுப் போய்விட்டன. அது பாடத்துக்குத் தேவையான பகுதிகளை நகலெடுத்த கோர்ஸ் பேக் பற்றிய தீர்ப்பு, முழுப் புத்தகத்துக்கு லைசன்ஸ் இல்லை. தெரியும். கமென்ட்டில் வந்து சொல்ல வேண்டாம்.

லேப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. இரண்டாவது மாடி லேபில் 30 சிஸ்டம். வரைபட சாஃப்ட்வேரைத் திறந்தால் லைசன்ஸ் யார் பெயரில் என்று பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். ஏதோ ஒரு ரஷ்யக் குழுவின் பெயர். ஆன்டிவைரஸை அணைத்து வைத்திருப்பது ஏன் என்று கேட்டதற்கு "ஆன் பண்ணா சாஃப்ட்வேர் ஓடாதுப்பா" என்று பதில். ஓடாதுதான், லைசன்ஸ் பூட்டை உடைக்கும் கிராக்கை அது பிடித்துவிடும். மாணவர்களுக்கு வரைபட சாஃப்ட்வேர் கம்பெனி ஆட்டோடெஸ்க் இலவசமாகவே லைசன்ஸ் தருகிறது, கணக்கீட்டுக்கான மேட்லேபுக்குப் பதில் இலவச ஆக்டேவ், சைலேப் இருக்கின்றன, ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுட்டோரியல் தமிழிலேயே சொல்லித் தருகிறது. யாராவது 43ஆவது வரியில் லேபைச் சேர்க்கட்டும், அப்புறம் ஒழுக்கம் பேசலாம்.

"வேற என்னதான் பண்ணணும் அவங்க?" தளத்தை டிஎன்எஸ்ஸிலேயே தடுக்கலாம், அரை நாள் வேலை. எம்பி கணக்கு வைத்து உண்மையிலேயே ஜிபி ஜிபியாக இறக்கியவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசலாம். பாஸ்வேர்டு மாற்றாமல் உள்ளே விடாதபடி செய்யலாம். லாகை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைக்கலாம் என்று ஒரு பக்கத்துக்கு எழுதி வைக்கலாம். நீங்களும் இன்றைக்கே பிறந்த தேதியாக இருக்கும் பாஸ்வேர்டை மாற்றுங்கள், படுக்கப் போகும்போது லாக்அவுட் பண்ணுங்கள்.

குரூப்பிலிருந்து பிடிஎஃப்பை நீக்கிவிட்டோம் என்று நேற்று அறிவிப்பு வந்தது. ஃபார்வர்ட் ஆன காப்பி எதுவும் அதோடு அழியாது என்பது போட்டவருக்குத் தெரியாமல் இருக்கலாம். இன்னொன்றும் தெரியாது போலிருக்கிறது. வேர்டில் அடித்து பிடிஎஃப்பாகச் சேமித்தால், பெரும்பாலும் தயாரித்தவரின் பெயர் தானாகவே ஃபைலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இதிலும் உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்துப் போடச் சொல்லி காலையிலிருந்து ஆறு பேர் இன்பாக்ஸில். போட மாட்டேன், கேட்காதீர்கள்.